சனிக்கிழமை வகுப்பா, அம்மம்மாவா, சூமா?

போன மாதம் தங்கச்சி வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். அவளுடைய மகளுக்கு மூன்றரை வயது. வருகிற செப்டெம்பரில் ஜூனியர் கிண்டர்காட்டின் போகிறாள். அதற்குள் தமிழுக்கு ஒரு வழி பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை வகுப்பு, ரியூஷன், சூம் (வீடியோ வகுப்பு), ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவது, ஆண்டுதோறும் ஊருக்குப் போவது என்று ஐந்தையும் வரிசையாக எழுதி, எதிரே காசு, நேரம், கார் ஓட வேண்டிய தூரம் எல்லாம் குறித்து, அடியில் ஒரே ஒரு கேள்வி: "அக்கா, எது?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினேழு, இளையவனுக்குப் பன்னிரண்டு. தங்கச்சியின் பட்டியலில் உள்ள ஐந்தையும் ஏதோ ஒரு காலத்தில் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். மூத்தவள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு ஃபோனில் அரை மணித்தியாலம் ஊர்க்கதை கதைப்பாள். இளையவன் "ஓம் அம்மம்மா, சாப்பிட்டன், நல்லா இருக்கிறன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஃபோனை என் கையில் தந்துவிடுவான். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே சனிக்கிழமை வகுப்பு. அப்படியென்றால் வகுப்பைப் பற்றி மட்டும் சொல்லி என்ன பயன்? அவளுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. இங்கே கனடாவில், ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் இதே பட்டியலோடு இருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேணும்" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தத் தமிழ்? கேட்டால் விளங்குவது ஒன்று, வாய் திறந்து கதைப்பது இன்னொன்று, எழுத்துக் கூட்டி வாசிப்பது வேறொன்று. இந்த மூன்றும் ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தானாக வரும் என்று நானும் நம்பியிருந்தேன். வராது. இளையவனுக்கு நான் கதைப்பது எல்லாம் விளங்கும். நான் அவனை மறைத்துத் தமிழில் கதைக்க முடியாது. 247 எழுத்தும் தெரியும். ஆனால் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வராது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வழியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் நன்றாகத் தருகிறது. காசு கட்டும்போது அதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது விஷயம், அந்தச் செப்டெம்பர். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டிலேயே முழுநாள் பள்ளி தொடங்கிவிடுகிறது. 2010இல் தொடங்கி 2014க்குள் மாகாணம் முழுவதும் அப்படி ஆக்கிவிட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் மட்டும் கதைத்துத் திரிந்த பிள்ளை கிறிஸ்மஸ் விடுமுறைக்குள் பொம்மைகளோடு ஆங்கிலத்தில் விளையாடத் தொடங்கிவிடும். தனியாக விளையாடும்போது பிள்ளை எந்த மொழியில் கதைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எந்த மொழி முன்னுக்கு வந்துவிட்டது என்பது அதில் தெரிந்துவிடும்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

சனிக்கிழமை வகுப்பு

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1977இல் ஒன்ராறியோ அரசு "பாரம்பரிய மொழி" வகுப்புகளைத் தொடங்கியபோது அதைக் கேட்டு வாங்கியவர்கள் இத்தாலியரும் உக்ரேனியரும் போர்த்துக்கேயரும். ஈழத் தமிழராகிய நாங்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து, ஏற்கெனவே திறந்திருந்த கதவால் உள்ளே போனவர்கள். பிறகு பெயர் "அனைத்துலக மொழிகள்" என்று மாறியது. போதிய எண்ணிக்கையில் பெற்றோர் எழுதிக் கேட்டால் கல்விச் சபை வகுப்பு நடத்த வேண்டும். கிண்டர்காட்டினிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். செலவு இல்லை என்றே சொல்லலாம். பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடம், பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆண்டு முடிவில் ஒரு ரிப்போட் கார்ட். உலகத்தின் வேறு எத்தனையோ நகரங்களில் தமிழர் மண்டபம் வாடகைக்கு எடுத்துத் தங்கள் காசில் செய்வதை இங்கே அரசு செய்து தருகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். வாரம் இரண்டரை மணித்தியாலம், ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்தாலும் 75 மணித்தியாலம். பிள்ளை தன் ஆங்கிலப் பள்ளியில் இரண்டரை வாரத்தில் கழிக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஆசிரியர் எழுத்தைத்தான் சொல்லிக் கொடுக்க முடியும். ஒரே அறையில் வீட்டில் தமிழே கேட்காத பிள்ளையும் இருக்கும், போன ஆண்டு கொழும்பிலிருந்து வந்து சரளமாகக் கதைக்கும் பிள்ளையும் இருக்கும். அந்த ரீச்சர் என்ன செய்வார்? எல்லோருக்கும் பொதுவானது எழுத்துத்தான், அதையே எடுப்பார். இடைவேளையில் பிள்ளைகள் வெளியே ஓடும். மைதானம் முழுக்க ஆங்கிலம். பிரம்பு எடுத்தாலும் அதை மாற்ற முடியாது.

மூத்தவள் இந்த வகுப்பில் நன்றாக வந்தாள். வீட்டிலிருந்தே கதைக்கும் தமிழைக் கொண்டுபோனாள். வகுப்பு அதற்கு எழுத்தைக் கொடுத்தது. ஏழு வயதில் மார்க்கம் றோட்டில் பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து எங்களை வெட்கப்படுத்தினாள். இளையவன் அதே வகுப்பில், அதே புத்தகத்தை, ஒலிநாடா ஓடுவதுபோல வாசித்தான். பிழையே விடமாட்டான். "இதில என்ன ராசா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவான்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேலே இந்தச் சனிக்கிழமை வேறு முகம் எடுக்கிறது. அது கிரெடிட் வகுப்பு. உயர்நிலைப் பள்ளி முடிக்கத் தேவையான 30 கிரெடிட்டில் தமிழும் ஒன்றாகச் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு 110 மணித்தியாலம். மேல்மட்டத் தமிழ்ப் பாடம் பல்கலைக்கழகத்துக்குப் பார்க்கும் ஆறு பாடங்களில் ஒன்றாகவும் பல துறைகளில் எண்ணப்படும். பதினான்கு வயதில் "தமிழ் எங்கள் அடையாளம்" என்ற பேச்சுக்கு அசையாத பிள்ளை, "தொண்ணூறு எடுக்கலாம், சராசரி கூடும்" என்றால் எழுந்து உட்காரும். இதை நான் குறைவாக நினைக்கவில்லை. எங்கள் காலத்திலும் ஊரில் சோதனைக்குத்தானே படித்தோம்? ஆனால் எட்டாம் வகுப்பு வரை விட்டுவிட்டு ஒன்பதில் வந்து சேர்ந்தால் நுழைவது கடினம். சனிக்கிழமை வகுப்பின் உண்மையான பயன்களில் ஒன்று, பிள்ளையை அந்த வாசல் வரை கொண்டுபோய் விடுவது.

தங்கச்சிக்குச் சொன்னது: மூன்றரை வயதில் இதற்கு அவசரம் இல்லை. ஆறு வயதில் சேர். சேர்த்தால் இடையில் நிறுத்தாதே. நீச்சல், சொக்கர் (கால்பந்து), பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமைக்குத்தான் வரும். ஒருமுறை விட்டால் அவ்வளவுதான்.

ரியூஷன்

கணக்கு ரியூஷன் நடக்கும் அதே பிளாசாவில் அடுத்த அறையில் தமிழ். வாரம் ஒரு மணித்தியாலம், காசு கட்ட வேண்டும், சின்னக் குழு. சில தனியார் தமிழ்ப் பள்ளிகள் உண்மையிலேயே நன்றாக நடக்கின்றன. புத்தகம் வகுப்புவாரியாக இருக்கும், சோதனை இருக்கும். நாங்கள் போன இடத்தில் பேச்சுப் போட்டிதான் பாடம். ஆங்கில எழுத்தில் எழுதித் தந்த மூன்று நிமிடப் பேச்சை மகன் பாடமாக்கி, கையை ஆட்டிச் சொல்லி, ஒரு கோப்பையும் வாங்கினான். தலைப்பு "தாய்மொழியின் சிறப்பு". வீட்டுக்கு வரும் வழியில் காரில் எனக்கு அதை ஆங்கிலத்தில் விளக்கினான். அடுத்த தவணைக்கு நான் காசு கட்டவில்லை.

பரதநாட்டியமும் பாட்டும் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதையும் தமிழ்க் கணக்கில் சேர்க்கிறார்கள். கலையாகப் பழக்குங்கள், நல்லது. ஆனால் ரீச்சர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்து, பாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அங்கே மொழி நடக்கவில்லை.

சூம்

லொக்டவுன் காலத்தில் வந்து நிலைத்துவிட்ட வழி. இதில் இரண்டு வகை. ஒன்று, பாடத்திட்டத்தோடு வருவது. சென்னையில் 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று சான்றிதழ்ப் படிப்பு வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1998இல் சிலர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தமிழ்க் கழகத்தின் புத்தகங்களும் அமெரிக்கா முழுவதும் போயிருக்கின்றன. வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒழுங்கான ஏணி வேண்டும் என்கிறவர்களுக்கு இவை நல்லவை.

இன்னொன்று, ஊரில் இருக்கும் ஒரு ரீச்சரோடு தனியே அரை மணித்தியாலம். எனக்கு இதுதான் பிடித்தது. காரணம் எளிது: எதிரே ஒரே ஒரு பிள்ளை இருக்கும்போது அது கதைத்தே ஆக வேண்டும், பின்வரிசையில் ஒளிய முடியாது. நேரமும் பொருந்தும். ரொறன்ரோவில் சனி காலை எட்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளையைத் திரையின் முன் அரை மணித்தியாலம் இருத்திவைக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏழு எட்டு வயதில் தொடங்கலாம்.

யார் ரீச்சர் என்பதையும் யோசிக்க வேண்டும். மகனுக்கு முதலில் கிடைத்தவர் சென்னைக்காரர், மிகப் பொறுமையானவர். ஒருநாள் இவன் பிந்திப் போய், "இப்பதான் சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டனான்" என்றான். அவன் அந்த மாதம் தானாகச் சொன்ன ஒரே முழு வசனம் அது. அவருக்கு விளங்கவில்லை. "வெளிக்கிட்டனான்னா என்னப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, "கிளம்பினேன்னு சொல்லணும்" என்று திருத்தினார். அவர் மேல் பிழை இல்லை. ஆனால் இவன் தன் தமிழே பிழையான தமிழ் என்று எடுத்துக்கொண்டான். வீட்டில் "கதை" என்றால் பேசு. புத்தகத்தில் "கதை" என்றால் நரியும் காகமும். வீட்டில் அம்மம்மா, அப்பம்மா, புத்தகத்தில் பாட்டி. பெரிய பிள்ளைக்கு இதை ஒரு சுவையான விஷயமாக விளங்கப்படுத்தலாம். தயங்கித் தயங்கி வாய் திறக்கும் சின்னப் பிள்ளைக்கு, வீட்டில் கேட்கும் தமிழையே கதைக்கும் ஆள்தான் முதலில் வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மதுரைப் பிள்ளைக்கு மட்டக்களப்பு ரீச்சர் கிடைத்தாலும் இதே கூத்துத்தான்.

அம்மாவைக் கூப்பிடுவது

தங்கச்சி இதற்கு எதிரே "இலவசம்" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

முதலில் காசுக் கணக்கு. பெற்றோரும் பேரன் பேத்தி கண்டவர்களும் நீண்ட காலம் வந்து நிற்கக் கனடா தரும் சூப்பர் விசா 2011 டிசம்பரில் தொடங்கியது. 2022 யூலையிலிருந்து ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டு வரை நிற்கலாம். கூப்பிடும் பிள்ளையின் குடும்ப வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டும். வருகிறவருக்குக் குறைந்தது 100,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். எழுபது தாண்டியவருக்கு, அதுவும் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தால், அந்தக் காப்புறுதிக் கட்டணம் எந்தத் தமிழ் வகுப்பின் கட்டணத்தையும் விட அதிகம். ஓஹிப், அதாவது ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி, கிடையாது.

ஆனால் பலன் என்று பார்த்தால் பட்டியலில் இதற்குக் கிட்ட எதுவும் வராது. மூத்தவள் பிறந்ததிலிருந்து என் மாமியார் எங்களோடு இருந்தார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. பால் வேண்டும் என்றாலும் தமிழ், பொம்மை சோபாவுக்கு அடியில் போய்விட்டது என்றாலும் தமிழ், தம்பி அடித்துவிட்டான் என்று கோள் சொல்வதென்றாலும் தமிழ். யாரும் அவளுக்குத் தமிழ் படிப்பிக்கவில்லை. தமிழ் இல்லாமல் அந்த வீட்டில் அவளுக்குக் காரியம் ஆகாது, அவ்வளவுதான். மகனுக்கு ஒரு வயதாகும்போது மாமி போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆங்கிலம் விளங்காத ஒருவரும் இல்லை. அத்தோடு மூத்தவள் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைச் சப்பாத்தோடு வீட்டுக்குள் கொண்டுவந்தாள். தம்பியோடு அதிலேயே விளையாடினாள். இரண்டாவது பிள்ளைக்குத் தமிழ் ஏன் குறைகிறது என்று தலையை உடைப்பவர்கள் வகுப்பைக் குறை சொல்வதை விட்டு, மூத்த பிள்ளை வீட்டில் எந்த மொழியில் சண்டை பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் "அம்மாவைக் கூப்பிடு" என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஊரில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. காலையில் கோயில், பின்னேரம் வேலிக்கு அங்கால் சின்னம்மாவோடு ஒரு கதை. இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஜன்னலால் ஸ்நோ பார்த்துக்கொண்டு, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வெறும் வீட்டில் இருக்க வேண்டும். நான்கு மணிக்கு வரும் பேத்திக்குத் தமிழ் கொடுக்கும் இயந்திரமாக ஒரு மனுசியைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. அவ வர விரும்பினால், அவவுக்காக வரட்டும். தமிழ் அதோடு சேர்ந்து வரும்.

அவ வராவிட்டாலும் அவவின் குரல் வரலாம். எங்கள் காலை ஏழரை, கோடையில் அங்கே மாலை ஐந்து, குளிர்காலத்தில் ஆறு. பிள்ளை காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரம். "அம்மம்மாவுக்கு ஹாய் சொல்லு" என்று ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தால் பிள்ளை ஓடிவிடும். ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நீ தேத்தண்ணி போடப் போ. அவ பிட்டு அவிப்பா, இது சீரியல் சாப்பிடும். பத்து நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதாவது கதை வரும். நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு அறுபது மணித்தியாலம். ஏறக்குறைய ஒரு சனிக்கிழமை வகுப்பு.

ஊருக்குப் போவது

யூலை, ஓகஸ்ட் விடுமுறை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். நான்கு பேர் போய் வருகிற செலவு எல்லோருக்கும் தெரியும், எழுதத் தேவையில்லை. மகன் ஒன்பது வயதில் ஆறு வாரம் நின்றான். முதல் வாரம் ஊமை. மச்சான்மார் எல்லோரும் அவனோடு ஆங்கிலம் பழகத்தான் ஆசைப்பட்டார்கள். நல்ல வகுப்பு எடுத்தான்! இரண்டாம் வாரம் ஒழுங்கையில் கிரிக்கெட். அங்கே ஆங்கிலம் தெரியாத ஒரு பையன் வந்து சேர்ந்தான், அவன்தான் பந்துக்குச் சொந்தக்காரன். அதற்குப் பிறகு இவனுக்குத் தமிழ் வந்தது. "அவுட் இல்லை, கள்ளம் விளையாடுறாய்" என்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்து ஒரு மாதம் என்னோடு தமிழில்தான் கதைத்தான். டிசம்பரில் எல்லாம் போய்விட்டது.

ஆண்டுதோறும் போவதற்கு வசதி இல்லாதவர்களுக்கு என் எண்ணம்: நான்கு வயதில் ஒருமுறை போவதை விட எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஒருமுறை போவது காசுக்குப் பெறுமதி. போகும்போது கோயில்களையும் கடற்கரைகளையும் ஓடி ஓடிக் காட்டாமல் ஒரே வீட்டில் நில்லுங்கள்.

பட்டியலில் இல்லாதது

ஐந்து வழியும் எழுதிய தங்கச்சி ஆறாவதை எழுதவில்லை. அவளுடைய வீடு.

பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியான ஃபிளாண்டர்ஸில் ஆனிக் டி ஹவுவர் என்ற மொழியியலாளர் ஏறக்குறைய 1,900 குடும்பங்களிடம் கேட்டு 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார். டச்சு அல்லாத ஒரு மொழியும் புழங்கும் வீடுகள். தாய் தகப்பன் இருவரும் வீட்டில் தங்கள் மொழியை மட்டுமே கதைத்தால், நூற்றுக்கு 97 குடும்பங்களில் பிள்ளை அந்த மொழியைப் பேசியது. இருவரும் இரண்டு மொழியையும் கலந்து கதைத்தால் 79. ஒருவர் சொந்த மொழி மட்டும், மற்றவர் டச்சு மட்டும் என்றால் 74. ஒருவர் இரண்டையும் கலந்து, மற்றவர் டச்சு மட்டும் கதைத்தால் 36.

பெல்ஜியம் ஸ்காபரோ அல்ல; கணக்கெடுப்பு எதையும் முற்றாக நிரூபித்துவிடாது. ஆனாலும் 79க்கும் 36க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தபோது எனக்குத் தங்கச்சியின் வீடு கண்முன் வந்தது. அவளுடைய கணவர் இங்கே பிறந்தவர். தமிழ் எல்லாம் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவர் சின்ன வயதில் ஒரு கலியாண வீட்டில் ஏதோ சொல்லப்போய், பெரியவர்கள் எல்லோரும் அவருடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு வாயை மூடியவர். (இப்படி எத்தனை பேரை நாங்கள் சிரித்தே ஊமையாக்கினோம் என்று ஒரு கணக்கு எடுத்தால் நல்லது.) தங்கச்சி அவரோடு ஆங்கிலத்தில், மகளோடு இரண்டும் கலந்து. அதாவது அந்த 36.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், அவர் ஆங்கிலத்தை விடத் தேவையில்லை. ஆங்கிலத்தோடு கொஞ்சம் தமிழையும் பிள்ளையிடம் கதைத்தால் போதும், அந்த வீடு 79 பக்கத்துக்கு வந்துவிடும். தங்கச்சி எழுதிய ஐந்து வழிகளில் எதுவும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. செலவும் இல்லை. ஆனால் வெட்கத்தை விட வேண்டும், அது சின்ன விஷயம் இல்லை.

அவளுக்கும் ஒரு வேலை சொன்னேன். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால், "தமிழில சொல்லு!" என்று அதட்டாதே. அது தமிழைத் தண்டனை ஆக்கிவிடும். மகனோடு நான் செய்த பெரிய பிழை அதுதான். "வோட்டர்" என்று கேட்டால் "தண்ணியா வேணும்? குளிர்த் தண்ணியா, சும்மா தண்ணியா?" என்று கேள்வியாகத் திருப்பிக் கொடு. பதில் சொல்ல அதற்கு ஒரு சொல் தமிழில் வேண்டும். கிடைத்த சொல்லைச் சிரிக்காமல், திருத்தாமல் எடுத்துக்கொள்.

பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் பிரெஞ்சு இமேர்ஷனில் போட்டால் தமிழ் கெட்டுவிடுமா என்றும் கேட்டிருந்தாள். ஆங்கிலப் பள்ளியிலும் நான்காம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு கட்டாயம்தான். பள்ளியில் எந்த மொழி நடந்தாலும் வீட்டுத் தமிழின் நேரம் அதே நேரம்தான். பயம் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பிரெஞ்சுக்கு வேறு ரியூஷன் வைத்து அந்த மாலையையும் கொடுத்துவிட்டால் அது வேறு கதை.

இவ்வளவையும் சேர்த்து அவளுக்கு எழுதியது இதுதான். இப்போதைக்கு வகுப்பு, ரியூஷன், சூம் மூன்றுக்கும் காசு கட்டாதே. காலையில் அம்மாவோடு பத்து நிமிடம். ஆறு வயதில் சனிக்கிழமை வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வரை விடாமல். எட்டு வயதுக்குப் பிறகு ஒரு நீண்ட ஊர்ப் பயணம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உன் மனுசனோடு கதை. அல்லது நான் கதைக்கிறேன்.

நான்தான் கதைத்தேன். "அக்கா, மை தமிழ் இஸ் டெரிபிள்" என்றார். "தம்பி, உங்கட மகளுக்கு மூன்றரை வயது, அவவுக்கு அது தெரியாது" என்றேன். எந்த வேலையில் தொடங்கலாம் என்று யோசித்து, குளிப்பாட்டுகிற நேரம் என்று முடிவு செய்தோம். அது எப்படியும் அவருடைய வேலை, கதவு மூடியிருக்கும், சிரிக்க ஒருவரும் இல்லை, முப்பது நாற்பது சொல்லுக்குள் முடிந்துவிடும். தண்ணி, சூடு, கண்ணை மூடு, தலையைக் குனி, சவர்க்காரம், துவாய், போதும். ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாராம். போன கிழமை தங்கச்சி கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். "கண்ணை மூடுங்கோ" என்பதற்கு அவர் "கண்ணை மூட்டுங்கோ" என்றாராம். உள்ளேயிருந்து சின்னக் குரல், "மூட்டுங்கோ இல்லை அப்பா, மூடுங்கோ." அவர் திரும்பச் சொன்னாராம். கதவைத் திறக்க வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.